நேர்கோட்டில் அமுங்கிய நுங்கு

துறைமங்கலம்,
பெரம்பலூர் தாலுகா.
9-7-1989, ஞாயிறு.

அன்பு மகள் மலர்க்கொடிக்கு உன் அப்பா கருப்பண்ணன் எழுதுவது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், இங்கே யாரும் சாகவில்லை. வெள்ளிக்கிழமை நான் கொடுத்த தந்தி இதற்கு முன்பே உன் கைக்கு வந்திருக்கும், தந்தி என்றதுமே உனக்குக் கைகால் ஆடியிருக்கும், பிரித்துப் படித்த பிறகு அதைவிட அதிகமாக ஆடியிருக்கும். நானும் நலம், உன் அம்மா வேம்பும் நலம், வெள்ளாடு இரண்டு குட்டி போட்டு அவையும் நலம். நீயும், அந்தக் குளிர் தேசத்தில் நீ அமுக்கிப் பார்க்கிற கொழகொழ வஸ்துக்களும் குறைவில்லாமல் இருக்க மதுரகாளி துணை. தந்தி ஆபீசில் "நுங்கு பேப்பரை நிறுத்தவும், கடிதம் வருகிறது, அப்பா" என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த கிளார்க் மூன்று தடவை படித்துவிட்டு, ஏங்க, சீமைக்குத் தந்தி அடிச்சு நுங்கை நிறுத்தச் சொல்றீங்களே, கப்பல்ல ஏத்தி அனுப்புறீங்களா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது. அந்த உண்மையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், ஆனால் நான் நேராக வரமாட்டேன், சுற்றிக்கொண்டுதான் வருவேன், உன் அப்பனைப் பற்றி உனக்குத் தெரியும். கோபத்தில் கிழித்துப் போடாமல் கடைசி வரைக்கும் படி.

போன வாரம் கீழப்பழுவூரிலிருந்து உன் அத்தை ரத்தினம்மாள் வந்திருந்தாள். வரும்போதே முகம் தொங்கிப் போயிருந்தது. உனக்கு ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தாளாம், அரியலூர்ப் பக்கம், நல்ல உத்தியோகம், தலையில் முடிகூட இருக்கிறதாம். பெண் என்ன வேலை பார்க்கிறது என்று அவர்கள் கேட்டிருக்கிறார்கள். பிசிக்ஸ் என்று சொல்லியிருக்கிறாள். அப்போ கரண்டு சம்பந்தமா என்று கேட்டிருக்கிறார்கள். இவள் அதோடு நிறுத்தியிருக்கலாம் இல்லையா, நிறுத்தவில்லை. கரண்டெல்லாம் இல்லீங்க, முட்டையோட வெள்ளைக்கரு, நத்தை விடுற வழவழப்பு, மாட்டுக் கண்ணுக்குள்ள இருக்கிற பசை, இதையெல்லாம் இழுத்தும் அமுக்கியும் பாக்குற வேலை, அதுக்குன்னே அங்க கவர்மெண்டு சம்பளம் தருது என்று பெருமையாக விளக்கியிருக்கிறாள். அவர்கள் வைத்த காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார்களாம். உன் அம்மா அன்றைக்கு முழுக்க என்னிடம் பேசவில்லை, ஏதோ நான்தான் அந்த நத்தையைக் கொண்டுபோய் உன் கையில் கொடுத்த மாதிரி. எனக்கு ஒன்றும் வருத்தமில்லை பாப்பா. மாட்டுக் கண்ணுக்கே பயப்படுகிறவன் நாளைக்கு உன் கண்ணை எப்படிப் பார்ப்பான்.

அவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, படித்தவர்களே உன்னை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாமல்தானே முழிக்கிறார்கள். பிசிக்ஸ்காரர்கள் உன்னை உயிரியல் என்கிறார்கள், உயிரியல்காரர்கள் பிசிக்ஸ் என்கிறார்கள், அதனால் இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். நம் பள்ளிக்கூடத்தில் மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சும் மழைக்காலத்துச் சாக்கும் வைத்திருக்கிறோம், சீமையில் டாக்டர் பட்டம் வாங்கினவளை வைக்கிறார்கள், முன்னேற்றம் என்றால் முன்னேற்றம்தான். போன வருஷம் லீவில் வந்தபோது இங்கே ஒரு கல்லூரிக்கு இன்டர்வியூவுக்குப் போனாயே, பேர் வேண்டாம், அங்கே நடுவில் உட்கார்ந்திருந்த பெரியவர், உயிரில்லாத வஸ்துவுக்குப் பாடம் நடத்தவே எங்களுக்கு நேரம் பத்தலை, உயிருள்ளதுக்கு எதுக்கும்மா பிசிக்ஸ் என்று கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா. அந்த வேலை யாருக்குப் போனது என்று விசாரித்துவிட்டேன். செம்புக் கம்பியில் கரண்டு எவ்வளவு போகிறது என்று அளந்தவருக்குப் போயிருக்கிறது. அதற்கு முன்னால் அதே இடத்தில் இருந்தவரும் அதே கம்பியைத்தான் அளந்தாராம். கம்பி இன்னும் அப்படியே இருக்கிறதாம், பாவம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் உன் கடிதம் வந்தது. அங்கே சீனாக்காரர் கடையில் டப்பாவில் அடைத்த நுங்கு மாதிரி ஒன்று கிடைத்ததாகவும், அது சர்க்கரைப் பாகில் ஊறி ஒன்றுக்கும் உதவவில்லை என்றும், மரத்திலிருந்து இறக்கின அன்றே ஒரு நுங்கின் மேல் எடை வைத்து அது எவ்வளவு அமுங்குகிறது, நேரம் போகப் போக எவ்வளவு அமுங்குகிறது என்று பார்க்கவேண்டும் என்றும், அப்பா, நம்ம லேப்ல டிராவலிங் மைக்ராஸ்கோப் இருக்குல்ல, நீங்க எடுத்து அனுப்புவீங்களா என்றும் கேட்டிருந்தாய். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று உன் அம்மாவைக் கேள். நூலிழை நகர்ந்தாலும் அளந்து காட்டுகிற அந்த மைக்ராஸ்கோப்பை இருபத்தேழு வருஷமாகத் துடைக்கிறேன். அதன் ஒவ்வொரு திருகுக்கும் நான்தான் எண்ணெய் போடுகிறேன். எந்த மாஸ்டர் எந்தப் பக்கம் திருகிக் கெடுப்பார் என்பதுகூட எனக்குத் தெரியும். ஆனால் கருப்பண்ணா, நீ ஒரு ரீடிங் எடுத்துச் சொல்லு என்று இதுவரைக்கும் ஒரு மனுஷன் கேட்டதில்லை. அட்டெண்டர் என்றால் துடைக்கிறவன், பார்க்கிறவன் இல்லை. முதல் தடவையாகக் கேட்டவள் நீ. அன்றைக்குச் சாயங்காலம் நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன், வாங்குவதற்கு ஒன்றும் இல்லை, சும்மா போனேன்.

மே மாத லீவில் லேப் சாவியை எடுத்துக்கொள்ள பிசிக்ஸ் மாஸ்டர் மாயவன் சார் சம்மதித்தார், மீதமாகிற நுங்கெல்லாம் அவருக்கு என்று பேச்சு. பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நுங்கு விற்கிற பச்சையம்மாளிடம் தினமும் காலையில் போய் நின்றேன். ஒரே அளவில், கீறல் விழாமல், தோல் மெல்லிசாக, தண்ணீர் குறையாமல் வேண்டும் என்று நான் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு அவள், ஏண்ணே, நுங்கு திங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா என்று சத்தமாகக் கேட்டாள், பஸ்ஸுக்கு நின்ற கூட்டமெல்லாம் சிரித்தது. கண்ணாடித் தட்டில் நுங்கு, அதன்மேல் சின்னக் கண்ணாடிச் சில்லு, அதன்மேல் எடை. ஐம்பது கிராம் வைத்தேன். வைத்த உடனே ஒன்று புள்ளி இரண்டு மில்லிமீட்டர் அமுங்கியது. எழுதிக்கொண்டேன். ஐந்து நிமிஷம் கழித்துப் பார்த்தால் ஒன்று புள்ளி மூன்று. அரைமணி கழித்து ஒன்று புள்ளி ஐந்து. எடையை நான் தொடவே இல்லை, அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. எடையை எடுத்தால் பழைய இடத்துக்கும் முழுசாகத் திரும்பி வரவில்லை. நூறு கிராம் வைத்தால் இரண்டு மடங்கு இறங்கவேண்டுமா இல்லையா, இறங்கவில்லை, இரண்டு மில்லிமீட்டர்கூட வரவில்லை. இருநூறு வைத்தபோது ஒன்று வெடித்து மாயவன் சார் சட்டையில் பாய்ந்தது. கண்டதையெல்லாம் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலில் குறித்தேன், நாளுக்கு ஒரு தாள், பதினோரு நாள். பிறகு கிராப் தாளில் புள்ளி வைத்துப் பார்த்தால் கோடு வளைந்து கிடந்தது. எனக்கு வேர்த்துவிட்டது.

உனக்கு அது சாதாரணம் பாப்பா, எங்கள் லேபில் கோடு வளையக்கூடாது. ஸ்பிரிங்கில் எடை தொங்கவிட்டால் நேர்கோடு, இழுத்துக் கட்டிய கம்பியிலும் நேர்கோடு, வளைந்தால் பையன் தப்புச் செய்துவிட்டான் என்று அர்த்தம், மார்க் போய்விடும். அந்த மார்க் போகக்கூடாது என்பதற்காகத்தான் நான் அங்கே இருக்கிறேன். பிராக்டிகல் பரீட்சை அன்றைக்கு என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாததா. வெளியூர் எக்ஸாமினருக்குப் பக்கத்து அறையில் கோழிக் குழம்பு போட்டிருப்பார்கள், அவர் வாழையிலையை விட்டு எழுந்திருப்பதற்குள் நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போவேன். ஒரு டம்ளர் தண்ணீர், காதில் ஒரு நம்பர். ஊசல் என்றால் ஒன்பது புள்ளி எட்டு, கண்ணாடிக் கட்டி என்றால் ஒன்று புள்ளி ஐந்து. பிள்ளைகள் அந்த விடையிலிருந்து பின்பக்கமாக நடந்து நடந்து போய் ரீடிங்கைக் கண்டுபிடிப்பார்கள். அப்படிப் படித்தவர்கள்தான் இன்றைக்கு பாலம் கட்டுகிறார்கள், பாங்கில் இருக்கிறார்கள், ஒருத்தன் இதே பாடத்துக்கு மாஸ்டராகவே வந்துவிட்டான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, அண்ணே, உங்க தண்ணியாலதாண்ணே நான் இந்த நிலைமைக்கு வந்தேன் என்று கும்பிடுகிறார்கள். எனக்கும் அது தர்மம் செய்தது மாதிரிதான் தோன்றியது. நம் பிள்ளைகள், அப்பன் ஆத்தாள் கூலிக்குப் போகிற பிள்ளைகள், ஒரு கடிகாரமும் ஒரு நூலும் அவர்கள் காலை வாரிவிட நான் பார்த்துக்கொண்டு நிற்பேனா.

அந்தப் புத்திதான் நுங்கிலும் வந்தது. என் மகள் முதல் தடவையாக ஒரு வேலை சொல்லியிருக்கிறாள், நான் வளைந்த கோட்டை அனுப்பினால் அங்கே உள்ள வெள்ளைக்காரர்கள், உங்க அப்பாவுக்கு ரீடிங் பார்க்கத் தெரியாது போலிருக்கே என்று சிரிப்பார்கள், உனக்குத் தலைகுனிவு என்று நினைத்தேன். உட்கார்ந்து நேராக்கினேன். ஐம்பது கிராமுக்கு ஒரு மில்லிமீட்டர், நூறுக்கு இரண்டு, நூற்றைம்பதுக்கு மூன்று, இருநூறுக்கு நான்கு. அச்சடித்தது மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று கடைசி இலக்கத்தில் மட்டும் கொஞ்சம் முன்னே பின்னே போட்டேன், இருபத்தேழு வருஷ அனுபவம் வேறு எதற்கு. நேரம் போகப் போக இறங்கியதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு நிமிஷத்துக்குப் பின் மாற்றம் இல்லை என்று எல்லா வரிசையிலும், எடையை எடுத்ததும் உடனே நிமிர்ந்தது என்று அடியிலும் எழுதினேன். பேனாவில், நல்ல கையெழுத்தில், ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. தபாலில் போடும்போது உன் அம்மாவிடம்கூடக் காட்டினேன், நுங்கு இவ்வளவு ஒழுங்கா என்று அவளே ஆச்சரியப்பட்டாள். கேட்டுக்கொண்டாயா, நான் அனுப்பிய ரீடிங் முழுக்கப் பொய். தந்திக்குக் காரணம் இதுதான். எழுதிவிட்டேன், இனிமேல் மூச்சு விடலாம்.

ஜூன் பாதியில் உன் பதில் வந்தது. உன் புரொபசர் என் தாளைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார் என்றும், உயிருள்ள எந்தக் கூழும் இப்படி இரும்பு ஸ்பிரிங் மாதிரி நடந்துகொண்டதை அவர் சர்வீசிலேயே பார்த்ததில்லை என்றும், செப்டம்பரில் பெரிய மாநாட்டில் இதை வாசிக்கப்போவதாகவும், அது நல்லபடியாக நடந்தால் உனக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை நீளும் என்றும் எழுதியிருந்தாய். பேப்பரில் உன் பேருக்கும் அவர் பேருக்கும் நடுவில் கே. கருப்பண்ணன், பெரம்பலூர் என்று என் பேரும் அச்சாகும் என்றாய். நான் என்ன செய்திருக்கவேண்டும், அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். நான் என்ன செய்தேன், கடிதத்தை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனேன். பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்ததும் ஒரே கூத்து. ஹெட்மாஸ்டர், மொத்த மேற்பார்வை நான்தானே, என் பேரையும் சேர்க்கச் சொல்லுங்க என்றார். மாயவன் சார், மீதி நுங்கைச் சாப்பிட்டு ருசி பாத்தவன் நான், அது ஆராய்ச்சி இல்லையா என்றார். தாளாளர், கட்டடம் யாரோடது என்று மட்டும் கேட்டார். ஆகஸ்டு பதினைந்து கொடியேற்றத்தன்று எனக்குச் சால்வை போட்டுப் பாராட்டு விழா, நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. நோட்டீசில் தாளாளர் பேர் கொட்டை எழுத்தில், என் பேர் பொடி எழுத்தில், நுங்கின் பேர் இல்லவே இல்லை.

ஆனால் அந்தக் கடிதத்தின் அடியில் நீ எழுதியிருந்த இரண்டு வரியை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அப்பா, இந்த மாதிரி வஸ்து எல்லாம் வளைஞ்சுதான் அமுங்கும், மெதுவாதான் இறங்கும்னு நாலு வருஷமா நான் எழுதினதை உங்க நுங்கு தப்புன்னு சொல்லுது, பரவாயில்லை, நீங்க எடுத்த ரீடிங்னா அது சரியாத்தான் இருக்கும், என்னோட புஸ்தகத்துல அந்த அத்தியாயத்தையே நான் அடிச்சு எழுதிட்டு இருக்கேன் என்று எழுதியிருந்தாய். முதலில் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. அப்புறம் சோறு இறங்கவில்லை. நீ நாலு வருஷம் சரியாக எழுதியதை நான் ஒரு சாயங்காலம் ஸ்கேல் வைத்து அடித்துவிட்டேன் பாப்பா. மாயவன் சாரிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, யோவ், வாயை மூடிட்டு இரும், இங்கிலாந்துல பனைமரமே கிடையாது, எவன் ஏறிப் பாத்து உம்மைப் பிடிக்கப்போறான், உலகத்துலயே யாரும் மறுபடி செஞ்சு பாக்க முடியாத ரீடிங் உம்மோடது, அதைவிடப் பாதுகாப்பு என்ன வேணும் என்றார். இரண்டு நாள் அந்தப் பேச்சு எனக்கு இதமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

திங்கட்கிழமை உன் அம்மா உனக்காக நேர்ந்துகொண்ட மாவிளக்குப் போட சிறுவாச்சூருக்குப் போனோம். உன் வேலை மூன்று வருஷம் நீளவேண்டும் என்று வேண்டுதல். அவள் மாவைப் பிசைந்துகொண்டே, இந்தாங்க, இந்த மாவை அமுக்குனா குழி அப்படியே நிக்குது, உங்க தாள்ல மட்டும் நுங்கு எப்படிங்க உடனே நிமிருது, நான் தோலுரிக்கறப்போ விரல் தடம் விழுந்தா அது போக நேரம் ஆகுமே என்று சாதாரணமாகக் கேட்டாள். ஆறாவதோடு நிறுத்தியவள். உன் புரொபசருக்குத் தோன்றாத கேள்வி. நான் அங்கேயே, அந்தக் கூட்டத்தில், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை, விளக்கை ஏற்றிவிட்டு, அப்ப நான் எதுக்குங்க ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன், பொய் நல்லா ஓடணும்னா என்று மட்டும் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் அவளே அரிசிப் பானைக்கு அடியில் கையை விட்டு என் காலண்டர் தாள்களை எடுத்துப் போட்டாள். அடுப்புப் பற்றவைக்க வைத்திருந்தாளாம். பதினொன்றில் மூன்று எரிந்துபோய்விட்டது, எட்டுதான் மிச்சம்.

எரிந்த மூன்று நாளுக்கு பதிலாக மறுநாளிலிருந்து மூன்று நாள் மறுபடி எடுத்தேன். நுங்குக்குக் காலம் முடிந்துவிட்டது, பச்சையம்மாள் கடையையே எடுத்துவிட்டாள். வீட்டுக்குத் தேடிப்போய்க் கேட்டதும், இந்தத் தடவை என்ன, கல்யாணமே முடிவாயிருச்சா என்று சிரித்துவிட்டு, வாலிகண்டபுரம் பக்கம் ஒரு மரத்தில் இருந்த கடைசிக் குலையை இறக்கிக் கொடுக்கச் சொன்னாள். நான் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டேன், உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து நேரம் சொன்னாள். நுங்கு சொன்னதை நான் எழுதினேன், நான் அதற்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. மறுபடியும் வளைந்தது. மறுபடியும் மெதுவாக இறங்கியது. இவை கொஞ்சம் முத்தல், அதனால் மே மாதத்து நுங்கைவிடக் குறைவாக அமுங்குகின்றன, இரண்டையும் கலந்துவிடாதே. மொத்தம் மூன்று வெடித்துவிட்டன, அதையும் எழுதியிருக்கிறேன். ஒரு நாள் பதினைந்தாவது நிமிஷ ரீடிங் இல்லை, உன் அம்மா ஆடு கத்துகிறது என்று எழுந்து போய்விட்டாள், அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டது இதுதான் முதல் தடவை. பழைய எட்டுத் தாளும் புதிய மூன்று தாளும் இதோடு வைத்திருக்கிறேன். உன் புரொபசரிடம் இதை அப்படியே காட்டு. என் பேரை எடுத்துவிடு. அவர் கோபப்பட்டால், தப்புச் செய்தது எங்க அப்பா என்று சொல், நான் இங்கிருந்து கையெழுத்துப் போட்டு இங்கிலீஷில் எழுதித் தருகிறேன். உன் வேலை நீளுமோ நீளாதோ எனக்குத் தெரியவில்லை. ஆனால் நீ அடித்த அத்தியாயத்தை மறுபடி எழுது, அது சரி.

ஹெட்மாஸ்டரிடமும் சொல்லிவிட்டேன். அவர், ரீடிங் தப்புன்னா பேப்பரை நிறுத்திக்கலாம் கருப்பண்ணன், விழாவை எப்படி நிறுத்துறது, தாளாளரோட மச்சான் மைக் செட்டுக்குச் சொல்லிட்டாரே என்றார். ஆகையால் விழா நடக்கும். சால்வை யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை, மாயவன் சார் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். நான் வழக்கம்போல நாற்காலி போடுவேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. எண்பதாம் வருஷம், பிளஸ் டூ முதல் பேட்ச், உனக்கு ஊசல் வந்தது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு உன் பெஞ்சுக்கு வந்தேன். நீ டம்ளரை வாங்கவில்லை. எனக்குத் தாகமில்லைப்பா என்று சொல்லிவிட்டு ஊசலையே எண்ணிக்கொண்டிருந்தாய். நம் லேபில் இத்தனை வருஷத்தில் தாகம் எடுக்காத பிள்ளை நீ ஒருத்திதான். நீ எழுதிய விடை பத்து புள்ளி ஆறு ஐந்து. எக்ஸாமினர் சிவப்பு மையில் சுழித்தார், மார்க் போனது, நாலே மார்க்கில் மெடிக்கல் சீட்டும் போனது. கவனமா எண்ணத் தெரியாத கழுதை, நான் சொன்ன நம்பரை வாங்கியிருந்தா இந்நேரம் டாக்டராகியிருப்பே என்று உன்னைத் திட்டினேன், பத்து நாள் உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீயும் எண்ணத்தான் தவறிவிட்டதாக நினைத்து அழுதாய். நீ தவறவில்லை பாப்பா. அன்றைக்கு உன் பெஞ்சில் இருந்த ஸ்டாப் கிளாக் அந்தப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு என் கையிலிருந்து தரையில் விழுந்தது. அதிலிருந்து அது மெதுவாகத்தான் ஓடியது. சொன்னால் என்னிடம் கேள்வி வரும் என்று துடைத்து அலமாரியில் வைத்துவிட்டேன். எப்படியும் எல்லாரும் ஒன்பது புள்ளி எட்டுதானே எழுதப்போகிறார்கள், கடிகாரம் ஓடினால் என்ன, நின்றால் என்ன என்று இருந்துவிட்டேன். அந்தக் கடிகாரம் காட்டியதை அப்படியே எழுதியவள் நீ ஒருத்தி. மற்ற அத்தனை பேர் தாளிலும் இருந்தது நான் சொன்னது. அன்றைக்கு என் நம்பரை வாங்க மறுத்தவள், இன்றைக்கு என் நம்பரை நம்பி உன் சொந்த எழுத்தை அடித்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என்னை மன்னித்துவிடு கண்ணு. கேட்கவே வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

நேற்று அந்தக் கடிகாரத்தை எடுத்து ரேடியோ நேரத்தோடு வைத்துப் பார்த்தேன். நிமிஷத்துக்கு இரண்டரை விநாடி மெதுவாக ஓடுகிறது, நேரம் குறைந்து காட்டினால் ஊசலின் விடை கூடத்தான் வரும். அதை வைத்து உன் பத்து புள்ளி ஆறு ஐந்தை மாயவன் சாரைத் திருத்திப் போடச் சொன்னேன், அவர் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு தாளை என்னிடம் கொடுத்தார். ஒன்பது புள்ளி எட்டு வந்திருந்தது. காதில் யாரும் சொல்லாமல் அந்த லேபில் வந்த ஒன்பது புள்ளி எட்டு அது ஒன்றுதான்.

அம்மா உனக்கு ஆசி சொல்லச் சொன்னாள், அத்தை உனக்கு அடுத்துப் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டாரிடம் நத்தையைப் பற்றிச் சொல்லமாட்டாளாம். குளிரில் வெறுங்காலோடு நிற்காதே, மாடிப்படிக்குக் கீழே தலையை இடித்துக்கொள்ளாதே. மதுரகாளி உன்னை நிமிர்ந்து நடக்க வைப்பாள், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். இந்தக் கடிதம் கிடைத்ததும் திட்டியாவது நாலு வரி எழுது, எழுதாமல் இருந்துவிடாதே. வருகிற மே மாதத்துக்குப் பச்சையம்மாளிடம் முதல் குலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இனிமேல் வளைந்தால் வளைந்ததாகவே வரும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கே. கருப்பண்ணன்,
லேப் அட்டெண்டர்.

பி.கு. கடிகாரத்தின் பின்பக்கம் தாள் ஒட்டி, "மெதுவாக ஓடும், நிமிஷத்துக்கு இரண்டரை விநாடி, 1980-இல் கண்டுபிடித்தவர் செல்வி க. மலர்க்கொடி" என்று பேனாவில் எழுதிவிட்டேன். ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். நானே போட்டுவிட்டேன்.